‘தயவுசெய்து காத்திருக்கவும்’: உலாவியில் திறக்க மறுத்த ஒரு விசா படிவம்

பின்னணி

2022ஆம் ஆண்டின் நடுவில், காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரின் பிரவுசிங் சென்டரில் நடந்த நிகழ்வு இது. ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், மின்கட்டணம், தேர்வு விண்ணப்பம் என ஊராருக்கு வேண்டிய இணைய வேலைகள் எல்லாம் அங்கேதான் நடக்கும். மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 10. பொறுப்பில் இருப்பவர் பட்டப்படிப்பு முடித்த இளம்பெண். இந்த வட்டாரத்தில் இதுபோன்ற மையங்களின் கணினிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் கனடாவில் இருக்கிறார், முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியரும் அவர் மனைவியும் அங்கே போய் உடனிருக்க வேண்டும். அதற்குப் பார்வையாளர் விசா தேவை. விண்ணப்பப் படிவத்தின் எண் ஐ.எம்.எம். 5257. ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் என்பதால் தம்பதிக்கு இரண்டு. ஏஜென்ட் ஒருவர் கேட்ட தொகை அதிகம் என்பதாலும், நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் என்பதாலும், தாமே செய்துவிடலாம் என்று மையத்துக்கு வந்தார்.

முதலில் கண்டவை

கனடாவின் குடிவரவுத் துறையின் தளத்தில் படிவத்தின் இணைப்பைச் சொடுக்கியதும் குரோம் உலாவியில் புதிய தாவல் திறந்தது. படிவம் வரவில்லை. வெள்ளைப் பக்கத்தின் மேற்பகுதியில் ஆங்கிலத்தில் சில வரிகள் மட்டும். முதல் வரி, ‘தயவுசெய்து காத்திருக்கவும்’. அடுத்து, இந்தச் செய்தி மறைந்து ஆவணத்தின் உரிய உள்ளடக்கம் வராவிட்டால், உங்கள் பி.டி.எஃப். வாசிப்பு மென்பொருளால் இவ்வகை ஆவணத்தைக் காட்ட இயலாமல் இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதற்கும் கீழே, அடோபி ரீடரின் புதிய பதிப்பைப் பெறுவது எப்படி என்ற குறிப்பு.

காத்திருக்கச் சொன்னதால் காத்திருந்தார்கள். “பெரிய கோப்பாக இருக்கும் ஐயா, நம் லைன் இன்று மெதுவாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்” என்று அந்தப் பெண் சொன்னார். ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போதும், தாவலை மூடிவிட வேண்டாம், பாதி வந்திருப்பது வீணாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தபோதும் அதே பக்கம்தான் இருந்தது.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் இரண்டு அடையாளங்கள் அப்போதே திரையில் இருந்தன. ஒன்று, தாவலின் மூலையில் சுற்றும் வட்டம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அதாவது உலாவியைப் பொறுத்தவரை கோப்பு முழுவதும் வந்தாயிற்று. இரண்டு, மேற்பட்டையில் பக்க எண் 1/1 என்று இருந்தது. பல பக்கம் கொண்ட அரசுப் படிவம் ஒரே பக்கமாகத் தெரிகிறது என்றால், வந்து சேர வேண்டியது எதுவும் பாக்கியில்லை. இருந்தும் ‘காத்திருக்கவும்’ என்ற வார்த்தைக்கு முன்னால் இந்த இரண்டையும் யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாதது இயல்புதான். வார்த்தை கண்ணில் படுகிறது, நின்றுபோன வட்டம் படுவதில்லை.

மையத்தில் நடந்த முயற்சிகள்

அந்தப் பெண் தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்திருக்கிறார். பக்கத்தைப் புதுப்பித்தார். உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தார். மறைநிலைச் சாளரத்தில் திறந்தார். குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். இணைய இணைப்பைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினார். இன்னொரு கணினியில் எட்ஜ் உலாவியில் முயன்றார். எல்லாவற்றிலும் அதே பக்கம். ஆசிரியர் தம் கைப்பேசியில் திறந்தபோதும் அதே பக்கம். பக்கத்து வீட்டு மாணவன் அரசு கொடுத்த மடிக்கணினியைக் கொண்டுவந்தான். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். லினக்ஸில் போட்டுப் பார்த்தான். அங்கும் அதே.

இந்த முயற்சிகளைக் குறை சொல்வதற்காக நான் பட்டியலிடவில்லை. மற்றபடி உலாவியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதாவது ஒன்றில் சரியாகிவிடும். ஆனால் வெவ்வேறு கணினி, வெவ்வேறு இணைப்பு, வெவ்வேறு உலாவி, கைப்பேசி என எங்கே திறந்தாலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே செய்தி வந்தால், அந்தச் செய்தி கோப்போடு சேர்ந்தே பயணம் செய்கிறது என்று பொருள். அந்த முடிவுக்கு வரத் தேவையான சான்று முழுவதும் அவர் கையிலேயே இருந்தது.

கவலைப்பட வேண்டிய ஒன்றும் நடந்தது. வேறு வழி தெரியாமல், பி.டி.எஃப். கோப்பை வேர்டு கோப்பாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஓர் இலவசத் தளத்தில் படிவத்தை ஏற்றியிருக்கிறார். அது மாற்றிக் கொடுத்த வேர்டு கோப்பிலும் இருந்தது அந்தக் காத்திருப்புச் செய்திதான். வெற்றுப் படிவம் என்பதால் அன்று பாதகமில்லை. நிரப்பிய படிவமாக இருந்திருந்தால் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, வேலை விவரம் எல்லாம் முகம் தெரியாத ஒரு சர்வருக்குப் போயிருக்கும். இந்த இடத்தில்தான் எனக்குத் தொலைபேசி வந்தது.

அந்தச் செய்தி யாருடையது?

திறக்காத ஆவணத்தின் முன்னால் உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: திரையில் தெரியும் வாசகத்தைச் சொல்வது யார்? உலாவியா, தளமா, இணைப்பா, கோப்பா? நால்வரும் ஒரே கண்ணாடி வழியாகத்தான் பேசுகிறார்கள். யார் பேசுகிறார் என்று தெரியாமல் கை வைத்தால், பேசாத ஒருவரைச் சரிசெய்துகொண்டிருப்போம். இங்கே உலாவியை நீக்கி மறுபடி நிறுவியது அப்படிப்பட்ட வேலை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. முதலில், அதே குரோமில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஒரு பழைய நூலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஸ்கேன் நூல், தடையின்றித் திறந்தது. ஆக, உலாவியின் பி.டி.எஃப். பகுதி நலமாக இருக்கிறது, இணைப்பும் போதுமானது. அடுத்து, படிவத்தைத் திறக்காமல் வட்டில் சேமித்தேன். இணைப்பின் மேல் வலப் பொத்தானை அழுத்தினால் ‘இணைப்பைச் சேமி’ என்ற தேர்வு வரும். சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்தேன். முதல் வரியில் சதவீதக் குறியும் பி.டி.எஃப். என்ற எழுத்துகளும் பதிப்பு எண்ணும் இருந்தன. கடைசி வரியில் கோப்பின் முடிவைக் குறிக்கும் அடையாளம் இருந்தது. தலையும் வாலும் சரியாக இருக்கிறது என்றால் கோப்பு பாதியில் அறுந்துபோகவில்லை.

மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றையும் தீர்த்து வைத்தது. அதே தெருவில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் உண்டு. நிறுவன விவகார அமைச்சகத்தின் மின்படிவங்கள் பல ஆண்டுகளாக அடோபி ரீடரில் நிரப்பும் பி.டி.எஃப். படிவங்களாகவே இருந்தன. அவை இணையப் படிவங்களாக மாறத் தொடங்கியிருந்த காலம் அது. ஆகவே அந்த அலுவலகத்தின் கணினிகளில் ரீடர் கட்டாயம் இருக்கும் என்று தெரியும். வெற்றுப் படிவத்தை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போய்க் கேட்டோம். இரண்டு முறை சொடுக்கியதும் காத்திருப்புச் செய்தி ஒரு கணம் மின்னி மறைந்தது. கட்டங்களும் பொத்தான்களுமாகப் படிவம் விரிந்தது. ஆசிரியர் கணினியின் பக்கத்தில் நின்று, காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அதே கோப்புதானா இது என்று கோப்பின் பெயரை ஒருமுறை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டார்.

கோப்பின் உள்ளே இருந்தது

இந்தப் படிவம் எக்ஸ்.எஃப்.ஏ. வகையைச் சேர்ந்தது. எக்ஸ்.எம்.எல். ஃபார்ம்ஸ் ஆர்க்கிடெக்சர் என்பதன் சுருக்கம். சாதாரண பி.டி.எஃப். கோப்பில் ஒவ்வொரு பக்கமும் எப்படித் தெரிய வேண்டும் என்பது முன்பே வரையப்பட்டுக் கிடக்கும். எக்ஸ்.எஃப்.ஏ. படிவத்தில் அப்படியில்லை. பி.டி.எஃப். என்ற உறைக்குள் எக்ஸ்.எம்.எல். மொழியில் எழுதிய படிவ வரையறை இருக்கும். அதைப் படித்து, பக்கங்களை அந்த நேரத்தில் கட்டியெழுப்ப வேண்டியது திறக்கும் மென்பொருளின் பொறுப்பு. அந்த வரையறையைப் படிக்கத் தெரியாத மென்பொருளுக்காக, வழக்கமான முறையில் வரைந்த ஒரே ஒரு பக்கம் கோப்பில் வைக்கப்பட்டிருக்கும். ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ அந்தப் பக்கம்தான். பூட்டிய கடையின் கதவில் தொங்கும் அட்டையைப் போல அது எப்போதும் அங்கேயே இருப்பது. எவ்வளவு நேரம் நின்றாலும் மாறாது.

ஆகவே குரோம் எந்தத் தவறும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பக்கத்தை அது சரியாகவே காட்டியது.

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இந்தக் குழப்பம் ஏன் இன்னும் தொடர்கிறது என்பது புரியும். எக்ஸ்.எஃப்.ஏ. முறையை உருவாக்கியது ஜெட்ஃபார்ம் என்ற கனடிய நிறுவனம். அது பின்னர் அக்சீலியோ என்று பெயர் மாறியது. 2002இல் அடோபி அதை வாங்கியது. 2003இல் வந்த பி.டி.எஃப். 1.5 பதிப்பிலிருந்து இந்தப் படிவங்கள் பி.டி.எஃப். உறைக்குள் வரத் தொடங்கின. அந்தக் காலத்தில் உலாவிக்குள் பி.டி.எஃப். திறக்கும் வேலையை அடோபியின் செருகுநிரலே (உலாவியோடு இணைத்து நிறுவும் துணை மென்பொருள்) செய்தது. அதனால் உலாவியிலும் படிவம் தெரிந்தது, யாருக்கும் சிக்கல் இல்லை. பிறகு உலாவிகள் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் செருகுநிரல்களைக் கைவிட்டன. குரோம் 2015இல் கைவிட்டது. பயர்பாக்ஸ் 2017இல் ஃப்ளாஷ் தவிர மற்றவற்றைக் கைவிட்டது. அதற்குள் குரோமும் பயர்பாக்ஸும் சொந்தமாக பி.டி.எஃப். காட்டும் பகுதியைக் கட்டியிருந்தன. அவை சாதாரண பி.டி.எஃப்.க்காகக் கட்டப்பட்டவை. 2017இல் வெளிவந்த பி.டி.எஃப். 2.0 தரநிலை எக்ஸ்.எஃப்.ஏ. முறையைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. பயர்பாக்ஸ் மட்டும் 2021 அக்டோபரில் வந்த 93ஆம் பதிப்பில் இவ்வகைப் படிவங்களைக் காட்டும் வசதியைச் சேர்த்தது.

இத்தனைக்குப் பிறகும் அரசுத் துறைகள் இதை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘திருமணமானவரா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மட்டும் துணையின் விவரக் கட்டங்கள் உயிர்பெறும். தவறவிட்ட கட்டத்தைப் படிவமே காட்டிக்கொடுக்கும். நிரப்பி முடித்துச் சரிபார்த்ததும் விவரங்களைப் பார்கோடாக மாற்றிக் கடைசிப் பக்கத்தில் அச்சிடும். தொலைவில் இருக்கும் அலுவலர் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, எழுத்துப் பிழையும் வராது. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு என்றே நினைக்கிறேன். கோப்பைக் கணினியில் சேமித்து அடோபி ரீடர் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் திறக்க வேண்டும் என்ற குறிப்பும் துறையின் தளத்தில் இருந்தது. ஆனால் இணைப்பைச் சொடுக்குகிற கை குறிப்பைத் தேடிப் போவதில்லை.

மகள் அனுப்பிய நிரப்பிய படிவம்

நாங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் வேறொரு வழியில் தீர்வு வந்துவிட்டதாக ஆசிரியர் மகிழ்ச்சியோடு கைப்பேசியை நீட்டினார். மகள் அங்கிருந்தே தந்தையின் படிவத்தை நிரப்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரிந்தன. பெயர், பாஸ்போர்ட் எண், பயண நாள், எல்லாம் சரி. மையத்தில் இருந்தவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

இந்த நிகழ்வில் உண்மையான ஆபத்து இதுதான். மகளிடம் பேசியபோது செய்த முறை தெரிந்தது. அவர் பயர்பாக்ஸில் திறந்திருக்கிறார், படிவம் தெரிந்திருக்கிறது. கட்டங்களை நிரப்பியிருக்கிறார். சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், அச்சிடும் பெட்டியில் ‘பி.டி.எஃப். ஆகச் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பை அனுப்பிவிட்டார்.

அப்படிச் சேமித்தால் கிடைப்பது படிவத்தின் அச்சு மட்டுமே. கண்ணுக்குப் படிவமாகத் தெரியும். உள்ளே கட்டங்கள் இல்லை, தரவு இல்லை, சரிபார்ப்பு நடந்த அடையாளம் இல்லை. கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டிய பார்கோடும் இல்லை. திறக்காத படிவம் யாரையும் ஏமாற்றாது. திறந்தது போலவும் நிரம்பியது போலவும் தோன்றும் படிவம் எல்லோரையும் ஏமாற்றும். அதை அப்படியே ஏற்றியிருந்தால் குறை தெரியவரும்போது பிரசவ தேதி தாண்டியிருக்கக்கூடும்.

எடுத்த முடிவுகள்

ஆசிரியர், அந்தப் பெண், தொலைபேசியில் மகள் ஆகிய மூவரோடும் பேசிச் சில முடிவுகளுக்கு வந்தோம். மகள் அனுப்பிய கோப்பை விண்ணப்பத்துக்குப் பயன்படுத்துவதில்லை. விவரங்களைப் பார்த்து எழுத ஒரு நகலாக மட்டும் வைத்துக்கொள்வது. அச்சிட்டு, கையால் நிரப்பி, ஸ்கேன் செய்து ஏற்றும் யோசனையையும் அதே காரணத்துக்காகத் தள்ளினோம். மாற்றித் தரும் தளங்கள் எதிலும் இனி எந்த வாடிக்கையாளரின் ஆவணத்தையும் ஏற்றுவதில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்ப அவர்கள் அன்போடு இடம் கொடுத்தார்கள். ஆனால் இன்னொருவர் அலுவலகக் கணினியில் பாஸ்போர்ட் விவரங்களோடு கோப்பை விட்டுவருவது முறையாகாது. தவிர, இதே தேவையோடு நாளை இன்னொருவர் வருவார். அதனால் மையத்தின் கணினி ஒன்றிலேயே ரீடரை நிறுவி அங்கேயே நிரப்புவது என்று தீர்மானித்தோம்.

ரீடர் நிறுவிய பிறகும்

அடோபியின் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கம் செய்தோம். கூடவே நிறுவக் கேட்கும் உபரி மென்பொருள்களின் டிக் குறிகளை எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகும் படிவத்தை இரண்டு முறை சொடுக்கினால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்றே வந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ரீடரிலும் வரவில்லையே என்றார்.

சாளரத்தின் மேல் மூலையைப் பார்த்தால் அது எட்ஜ். விண்டோஸ் 10இல் பி.டி.எஃப். கோப்புகளைத் திறக்கும் இயல்புச் செயலி எட்ஜ் உலாவிதான். புதிதாக ஒன்றை நிறுவுவதால் மட்டும் அது தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. பதிவிறக்கம் முடிந்ததும் குரோமில் அப்போது இருந்த கீழ்ப்பட்டையில் கோப்பைச் சொடுக்கினால் குரோமே அதைத் திறந்தது. ஆக, ரீடர் கணினியில் இருந்தும் ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை. கோப்பின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, ‘இதைக் கொண்டு திற’ என்பதில் ரீடரைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்ற கட்டத்திலும் டிக் போட்ட பிறகு படிவம் ஒழுங்காகத் திறந்தது. மேலே மஞ்சள் பட்டை ஒன்று வந்தது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்பதால் ரீடர் பாதுகாப்பு நிலையில் திறந்திருந்தது. எல்லா வசதிகளையும் இயக்கும் பொத்தானை அதில் அழுத்தும்வரை கட்டங்களில் எதையும் எழுத முடியாது. துறையின் தளத்திலிருந்து நேரடியாக எடுத்த கோப்பு என்பதை உறுதி செய்துகொண்டு அழுத்தினோம். மின்னஞ்சலில் யாரோ அனுப்பிய படிவமாக இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்ல மாட்டேன்.

பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தபோது இன்னொரு தலைவலி தெரிந்தது. ஒரே பெயர், பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று ஏழெட்டு நகல்கள். எது வெற்று, எது கைவைத்தது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, ‘அப்பா’, ‘அம்மா’ என்ற பெயர்களில் இரண்டு கோப்புகளாகச் சேமித்தோம்.

நிரப்பலும் சரிபார்ப்பும்

நிரப்பும் வேலை ஒரே இடத்தில்தான் தடைப்பட்டது. ஆசிரியரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் இது சகஜம். படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுத்தது. சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டியது. தந்தை பெயரைப் போடலாமா, தலைப்பெழுத்தை விரித்துப் போடலாமா என்று பேச்சு எழுந்தது. துறையின் வழிகாட்டியில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள், அதில் உள்ள முழுப்பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றொரு கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்படியே செய்தோம்.

எல்லாக் கட்டமும் நிறைந்த பிறகு சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தியபோது, படிவத்தின் கடைசியில் அதுவரை இல்லாத ஒரு பக்கம் முளைத்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் நிறைந்த பார்கோடு கட்டங்கள். மகள் அனுப்பிய நகலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எது குறைந்திருந்தது என்று ஆசிரியருக்கு விளங்கியது. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தைப் பிறகு திருத்தினார். திருத்தினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டத்தில் ஓர் எண்ணும் பார்கோட்டில் வேறோர் எண்ணும் இருக்கும். மறுபடி அழுத்தி, சேமித்து, மூடினோம். அதன் பிறகு அந்தக் கோப்பை உலாவியில் திறப்பதோ, அச்சு வழியாகச் சேமிப்பதோ, வேறொரு பி.டி.எஃப்.போடு சேர்ப்பதோ கூடாது என்று சொல்லிவைத்தேன். சேமித்த கோப்பு அப்படியே ஏற்றப்பட்டது. மனைவியின் படிவம் அதே நாற்காலியில், தடங்கலின்றி முடிந்தது.

விளைவு

இரண்டு விண்ணப்பங்களும் ஏற்கப்பட்டு, விரலடையாளப் பதிவுக்கான கடிதம் வந்தது. சென்னை சென்று பதிந்துவிட்டு வந்தார்கள். விசா கிடைத்து, பேறுகாலத்துக்கு முன்பே மகளிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மையத்தில் மாறியவை

ஒரு கணினியில் மட்டும் ரீடரே பி.டி.எஃப். கோப்புகளின் இயல்புச் செயலி. அதில் உள்ள குரோமின் அமைப்பில், பி.டி.எஃப். கோப்புகளை உலாவிக்குள் திறக்காமல் பதிவிறக்கும்படி மாற்றியிருக்கிறோம். மற்ற இரண்டும் பழையபடியே இருக்கின்றன. அன்றாட ரசீதுகளுக்கும் நுழைவுச் சீட்டுகளுக்கும் உலாவியே வசதி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

அந்தப் பெண் இப்போது என்னைக் கூப்பிடுவது குறைவு. ‘சொல்வது யார்’ என்று தாமே பார்க்கிறார். ஒருவருக்குக் குரோம், பி.டி.எஃப். ஆவணத்தை ஏற்ற முடியவில்லை என்று காட்டியது. அது உலாவியின் குரல். கோப்பை நோட்பேடில் திறந்தபோது தொடக்கத்தில் பி.டி.எஃப். அடையாளம் இல்லை, இணையப் பக்கத்துக்கு உரிய எச்.டி.எம்.எல். வரிகள் இருந்தன. தளத்தில் நுழைந்து நேரமாகிவிட்டதால், தளம் ஆவணத்துக்குப் பதில் நுழைவுப் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. அது பி.டி.எஃப். என்ற பெயரில் சேமிக்கப்பட்டுவிட்டது. மறுபடி உள்நுழைந்து எடுத்ததும் சரியானது. இ-ஆதார் கடவுச்சொல் கேட்கும்போது கோப்பு பழுது என்று நினைத்து வருபவர்கள் உண்டு. பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். மின்னொப்பமிட்ட சான்றிதழை ரீடரில் திறந்து, ஒப்பத்தின் மேல் கேள்விக்குறியைப் பார்த்துப் போலி என்று பயந்து வந்தவரும் உண்டு. அந்தக் குறி, ஒப்பத்தை வழங்கிய அமைப்பை இந்தக் கணினி இன்னும் நம்பகமானதாகப் பதிந்துகொள்ளவில்லை என்பதைத்தான் சொல்கிறது. குரோமில் திறந்தால் அந்தச் சோதனையே நடப்பதில்லை.

தீராமல் நிற்பவை

லினக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகைப் படிவத்துக்கு நேர்வழி இல்லை. அடோபி ரீடரின் லினக்ஸ் பதிப்பு 9.5.5 உடன் நின்றுவிட்டது, படிவம் கேட்பது 10. அந்த மாணவனின் மடிக்கணினியில் விண்டோஸ் பக்கம் போய் ரீடர் நிறுவினால் வேலை நடக்கும், சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம், எண்ணிக்கையிலும் அவர்களே அதிகம். எக்ஸ்.எஃப்.ஏ. படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பவே முடியாது, கைப்பேசிக்கான ரீடர் செயலியிலும் முடியாது. தம் ஆவணத்தைத் தாமே நிரப்ப நினைக்கும் ஒருவரை இது ஏஜென்டிடமோ கடைக்காரரிடமோ கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்தப் படிவங்கள் எல்லாம் சாதாரண இணையப் படிவங்களாக மாற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை, அப்படி வருபவர்களுக்கு மையத்தில் ரீடர் உள்ள கணினி ஒதுக்கப்படுகிறது. நிரப்புவது அவர்களே. ஏற்றி முடித்ததும் கோப்பை அவர்களின் மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டு, கணினியில் உள்ளதையும் குப்பைத் தொட்டியில் உள்ளதையும் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறார் அந்தப் பெண்.